காக்க வந்தோரின் கடன்

கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒருவர் ஆற்றியே தீரவேண்டிய கடமையும் கடன்தான். பெற்றதைத் திருப்பிச் செலுத்தவேண்டிய பொறுப்பும் கடன்தான். பெற்றோர் கடன், அரசர் கடன் என்னும்போது முதற்பொருளையும், கடன்பட்டார், கடன் தீர்த்தார் என்னும்போது இரண்டாம் பொருளையும் கொள்கிறோம். கடமையைச் செய்யப் புறப்படுகிறவன் அந்தக் கடமையின் வழியிலேயே கடனாளியாகவும் ஆகக்கூடும் என்பதை அறிந்துதான் நம் மொழி இரண்டையும் ஒரே சொல்லில் வைத்ததோ என எண்ணத் தோன்றுகிறது.

ஒரு நாட்டின் ஆட்சி கவிழ்கிறது. கொடுங்கோலன் ஓடிவிடுகிறான், அல்லது மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரையே ஆயுதம் தாங்கியோர் விரட்டிவிடுகின்றனர். காவல் நிலையங்கள் வெறிச்சோடுகின்றன. பழைய பகைகள் தெருவுக்கு வருகின்றன. அப்போது ஐக்கிய நாடுகள் அவை நீலத் தலைக்கவசம் அணிந்த வீரர்களை அனுப்பி வைக்கிறது. அவர்கள் போவது முறையா என்பது முதல் வினா. போன இடத்தில் அவர்களால் தீங்கு நேர்ந்தால் யாருக்குக் கணக்குக் கொடுப்பார்கள் என்பது இரண்டாம் வினா. முதல் வினாவைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நாம் இங்கே சிந்திக்க விழைவது இரண்டாவதைப் பற்றி.

முதல் வினாவுக்குத் திருச்சபையின் விடை ஓரளவு தெளிவாகவே உள்ளது. திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் வெளியிட்ட 'அவனியில் அமைதி' சுற்றுமடலில், நாடுகள் அனைத்தின் பொதுநலனைப் பேணக்கூடிய ஒரு பொது அதிகாரம் தேவை என்று கற்பித்தார். படைப்பணியில் இருப்போர் மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் ஊழியராகத் தம்மைக் கருதினால், அவர்களும் அமைதிக்குத் துணைசெய்பவர்களே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொன்னது. 2000ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இன்னும் ஒரு படி மேலே சென்று, வேறு வழி எதுவும் எஞ்சாதபோது தாக்குவோனின் ஆயுதத்தைப் பறிப்பது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்றார். ருவாண்டாவை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். 1994 ஏப்ரலில் அங்கே படுகொலை தொடங்கியபின், பாதுகாப்பு மன்றம் அங்கிருந்த படையைப் பெருக்கவில்லை, குறைத்தது. அடுத்த வீடு பற்றியெரியும்போது, நம் கை சுடுமே என்று திண்ணையில் அமர்ந்திருப்பது அறமன்று. ஆகவே போவது கடன் என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்வோம்.

இரண்டாம் வினாவுக்கு உரைகல்லாக அமைந்த நாடு கரிபியக் கடலிலுள்ள ஹெய்ட்டி. தமிழ் வாசகர்களுக்கு அது அதிகம் பழக்கமில்லாத நாடு என்பதால் அதன் வரலாற்றைச் சற்றே சொல்ல வேண்டியுள்ளது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்கள் தாமே கிளர்ந்தெழுந்து, பிரான்சின் படையை வென்று, 1804இல் விடுதலை பெற்ற நாடு அது. அந்த விடுதலைக்கும் விலை கேட்டார்கள். 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, முன்னாள் தோட்ட முதலாளிகளின் இழப்புக்கு ஈடாக 15 கோடி பிராங்கு கொடுத்தால்தான் விடுதலையை ஏற்போம் என்றது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அடிமையாக இருந்தவன், தன்னை அடிமையாக வைத்திருந்தவனுக்கு இழப்பீடு கொடுத்த விந்தை அங்கேதான் நடந்தது. இழப்பீடு என்ற சொல் அந்நாட்டில் எவ்வளவு கசப்பானது என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர் இச்சொல்லுக்கே நாம் திரும்பி வருவோம்.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டை ஆண்டது. 1957 முதல் 1986 வரை தந்தையும் மகனுமாகத் துவாலியே குடும்பத்தார் கொடுங்கோல் செலுத்தினர். அவர்கள் வீழ்ந்தபின் மக்களின் நம்பிக்கையாக எழுந்தவர் ழான் பெர்த்ரான் அரிஸ்டீடு என்ற சலேசிய சபைக் குரு. 1988 செப்டம்பர் 11 அன்று, புனித ஜான் போஸ்கோ ஆலயத்தில் அவர் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில் ஆயுதக் கும்பல் புகுந்து வழிபட்டோரைக் கொன்று ஆலயத்துக்குத் தீ வைத்தது. அவ்வாண்டின் இறுதியில் சபை அவரை வெளியேற்றியது. 1990 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வாக்குகளைப் பெற்று அவர் நாட்டின் தலைவரானார். குருக்கள் அரசுப் பதவி ஏற்பதைத் திருச்சபைச் சட்டம் தடைசெய்கிறது. அதற்குத் தக்க காரணங்களும் உண்டு. அந்த விவாதம் வேறு. பதவியேற்ற எட்டாம் மாதத்திலேயே, 1991 செப்டம்பர் 30 அன்று, இராணுவம் அவரைக் கவிழ்த்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஏழை உழவர்களுக்காக உழைத்த மோன்ஃபோர்ட் சபைக் குரு ழான்-மரி வின்சென்ட் 1994 ஆகஸ்டு 28 அன்று தலைநகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கடுத்த மாதம் பாதுகாப்பு மன்றத்தின் இசைவோடு அமெரிக்கா தலைமையில் பன்னாட்டுப் படை இறங்கியது. அக்டோபரில் அரிஸ்டீடு நாடு திரும்பினார். 1995 மார்ச்சில் ஐ.நா. படை பொறுப்பேற்றது. 1996இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட இன்னொருவரிடம் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தார். ஹெய்ட்டி வரலாற்றில் அது புதுமை. படை சென்றதால் விளைந்த நன்மைகளில் இதைச் சேர்க்காமல் விடுவது நேர்மையாகாது.

2004இல் நிலைமை வேறாயிற்று. மறுமுறை ஆட்சிக்கு வந்திருந்த அரிஸ்டீடுக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. அதற்குள் அவர் பெயரும் பழைய பெயராக இல்லை. அவருடைய ஆதரவாளர் சிலரே துப்பாக்கி ஏந்தித் திரிந்தனர். பிப்ரவரி 29 அன்று அமெரிக்க வானூர்தியில் அவர் நாட்டை விட்டு அகன்றார். தாமாகவே விலகினார் என்றது அமெரிக்கா. கடத்திச் சென்றனர் என்றார் அவர். ஏப்ரல் 30 அன்று பாதுகாப்பு மன்றம் ஒரு புதிய அமைதிப் படையை அமைத்தது. பிரேசில் நாட்டின் படைத்தலைமையில் பல நாட்டு வீரர்கள் வந்தனர். இந்தியக் காவல் பிரிவுகளும் அங்கே பணியாற்றின. 2017 அக்டோபர் வரை அப்படை அங்கிருந்தது. 1994இல் வந்த படை கவிழ்க்கப்பட்டவரைத் திருப்பி அமர்த்த வந்தது. 2004இல் வந்த படையோ, கவிழ்த்தபின் எஞ்சியதைக் காக்க வந்தது. ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த பலருக்கு, தாங்கள் வாக்களித்த தலைவர் போனபின் வந்தவர்கள் என்பதனாலேயே அவர்கள்மீது ஐயம் எழுந்தது.

அமைதிப்படை என்ற சொல்லே ஈழத்தமிழர் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் அறிவோம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்தியப் படைக்கும் அப்பெயரே இடப்பட்டது. அது ஐ.நா. அனுப்பிய படை அன்று, சூழலும் வேறு. ஆனால் பெயர் பெயராகவே நின்றுவிடுகிறது என்பதற்கு அது சான்று. இன்னொன்றும் உண்டு. நம் பழைய விவிலிய மொழிபெயர்ப்புகளில் 'சமாதானம்' என்றிருந்த இடங்களில் இன்று 'அமைதி' என்று வாசிக்கிறோம். தூய தமிழ் என்ற அளவில் மகிழ்ச்சிதான். எனினும் அமைதி ஓசையின்மையையும் குறிக்கும். சமாதானமோ இருவர் சேர்ந்து செய்துகொள்வது. துப்பாக்கியால் முதலாவதை ஒரு தெருவில் ஓர் இரவுக்கு நிலைநாட்டலாம். தலைநகரிலுள்ள சிட்டே சொலெய் என்ற குடிசைப் பகுதியில் 2005 ஜூலை 6 அன்று ஆயுதக் குழுத் தலைவன் ஒருவனைத் தேடிச் சென்ற ஐ.நா. வீரர்கள் பல்லாயிரம் தோட்டாக்களைச் சுட்டனர். தேடப்பட்டவன் இறந்தான். தகரச் சுவர்களுக்குப் பின்னால் உறங்கிக்கொண்டிருந்த குடிமக்களும் இறந்தனர். மறுநாள் அங்கே அமைதி நிலவியது.

இதனினும் இழிவானது ஒன்று நடந்தது. இலங்கையிலிருந்து சென்றிருந்த படைப்பிரிவினரில் நூற்றுக்கும் மேற்பட்டோர், பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின்பேரில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டனர். பாதிக்கப்பட்டோருள் சிறார்களும் இருந்தனர். உணவுக்கும் சில்லறைக் காசுக்கும் பசித்த பிள்ளைகள் விலைபேசப்பட்டனர். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவரும் சிறை சென்றதில்லை என்று 2017இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. வீரர்களைத் தண்டிக்கும் உரிமை அவர்களை அனுப்பிய நாட்டுக்கே உண்டு என்பது விதி. குற்றம் நடந்த மண்ணில் விசாரணை இல்லை. விசாரணை நடக்கவேண்டிய மண்ணில் சாட்சிகள் இல்லை.

இவையெல்லாம் தீய மனத்தால் விளைந்த தீமைகள்; இவற்றைக் கண்டிப்பதில் அறநெறிச் சிக்கல் ஒன்றுமில்லை. சிக்கலானது அடுத்து வருவது. 2010 ஜனவரி 12 அன்று பெரும் நிலநடுக்கம் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்சைத் தரைமட்டமாக்கியது. இலட்சக்கணக்கில் மக்கள் மாண்டனர். பேராலயம் இடிந்தது, பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ இறந்தார். ஐ.நா. தலைமையகமும் சரிந்து, பணியின் தலைவர் ஹெடி அன்னாபி உட்பட ஐ.நா. ஊழியர் 102 பேர் உயிரிழந்தனர். காக்க வந்தோரும் காக்கப்பட்டோரும் ஒரே இடிபாட்டில் கிடந்தனர். அந்த ஆண்டு அக்டோபரில், நேபாளத்திலிருந்து புதிய படைப்பிரிவு ஒன்று வந்து மிரபலே என்ற ஊருக்கு அருகிலுள்ள முகாமில் தங்கியது. நேபாளத்தில் அப்போது காலரா இருந்தது. நம் முன்னோர் வாந்திபேதி என்று பெயர் சொல்லவும் அஞ்சிய அதே நோய்தான். நோய்க்குறி ஏதும் இல்லாதவர் குடலிலும் அக்கிருமி தங்கும். முகாமின் கழிவுநீர்க் குழாய்கள் செம்மையாக இல்லை. கழிவு கொட்டப்பட்ட குழி திறந்து கிடந்தது. அருகில் ஒரு சிற்றோடை. ஓடை ஆர்ட்டிபொனைட் ஆற்றில் கலக்கிறது. அந்த ஆற்றில்தான் வழிநெடுக மக்கள் குளிக்கின்றனர், துணி துவைக்கின்றனர், நெல்வயலுக்குப் பாய்ச்சுகின்றனர், குடிக்கின்றனர்.

ஹெய்ட்டி மக்கள் காலராவைக் கண்டு குறைந்தது ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. எதிர்ப்பாற்றல் யாருக்கும் இல்லை. எப்படிச் சமாளிப்பது என்ற பாட்டி வைத்தியமும் இல்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தூய நீர் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் சில மணி நேரத்தில் உலர்ந்து இறந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் எட்டு இலட்சம் பேருக்கு மேல் நோயுற்றனர். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். நோய் எங்கிருந்து வந்தது என்று ஆற்றங்கரை மக்கள் முதல் வாரத்திலேயே சொன்னார்கள். பிரெஞ்சு நோய்ப்பரவல் அறிஞர் ரெனோ பியாரூ ஊர் ஊராகச் சென்று ஆய்ந்து அதையே சொன்னார். ஐ.நா. தானே அமர்த்திய வல்லுநர் குழு 2011 மேயில் தந்த அறிக்கை, நோய்க்கிருமியின் வழித்தடத்தை அந்த ஓடைவரை கொண்டுவந்து காட்டியது. ஆயினும் பல சூழ்நிலைகள் ஒன்றுகூடியதால் விளைந்தது, எவர் குற்றமும் அன்று என்று முடித்தது. அதே வல்லுநர்கள் 2013இல், அந்த முகாமே பெரும்பாலும் ஊற்றுக்கண் என்று எழுதினர்.

2011 நவம்பரில், பாதிக்கப்பட்ட 5,000 பேரின் சார்பில் வழக்கறிஞர்கள் ஐ.நா.விடம் முறையீடு அளித்தனர். ஏறக்குறைய பதினைந்து மாதங்கள் கழித்து, 2013 பிப்ரவரியில் விடை வந்தது: இம்முறையீடு ஏற்புடையதன்று. பொய்யான முறையீடு என்று அவர்கள் சொல்லவில்லை. ஆய்ந்து பார்த்துத் தள்ளவுமில்லை. எடுத்துக்கொள்ளவே இயலாது என்றனர். முறையீட்டாளர் நியூயார்க் நீதிமன்றத்தை நாடினர். 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஐ.நா. மீது வழக்குத் தொடர இயலாது என்று 2015 ஜனவரியிலும், மேல்முறையீட்டில் 2016 ஆகஸ்டிலும் தீர்ப்பாயிற்று.

தமிழர்க்கு இவ்விடத்தில் மதுரை நினைவுக்கு வராமல் போகாது. பாண்டியன் நெடுஞ்செழியனும் தெரிந்து தவறு செய்தவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆணையிட்டான். அவன் கொலைகாரன் அல்லன், ஏமாந்தவன். ஆனால் ஒற்றைச் சிலம்போடு ஒருத்தி வாயிலில் நிற்கிறாள் என்று காவலன் வந்து சொன்னபோது, அவளை உள்ளே வரவிடு என்றான். அவன் பெருமை அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது என்பது நம் கருத்து. அரியணையிலிருந்து சாய்ந்து உயிர்விட்டது அதன் தொடர்ச்சியே. அந்நியப் பெண், கணவனை இழந்தவள், குற்றவாளியின் மனைவி எனப் பேர் பெற்றவள். அவளுடைய முறையீட்டை ஏற்பதற்கில்லை என்று சொல்ல மன்னனுக்கும் காரணங்கள் கிடைத்திருக்கும்.

இனி அறநெறி இறையியலின் துணையை நாடுவோம். குருமடத்தில் 'ஈடுசெய்தல்' பற்றிய பாடம் படித்தவர்களுக்கு ஒரு நுட்பம் நினைவிருக்கும். புனித தாமஸ் அக்குவினார், பிறர்க்குரியதைத் திருப்பிச் சேர்ப்பது மீட்புக்கு இன்றியமையாதது என்று கற்பித்தார். ஆனால் எல்லாச் சேதத்துக்கும் ஒரே அளவான பொறுப்பு இல்லை என்பதைப் பின்வந்த பாடநூலாசிரியர்கள் விரித்துரைத்தனர். ஒருவர் தம்மை அறியாமல், தம் பக்கம் குற்றமேதுமின்றி, பிறர்க்குச் சேதம் விளைவித்தால், மனச்சான்றின் முன் அவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் அல்லர். வைக்கோற்போரில் தீப்பற்றியது என் கவனக்குறைவால் அன்று என்றால், நான் பாவி அல்லன். இது நேர்மையான கோட்பாடு. எல்லாத் தற்செயலுக்கும் மனிதனைக் குற்றவாளியாக்கினால் யாரும் வாழ முடியாது. இதன்படி பார்த்தால், இமயமலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்ற எண்ணத்தோடு கடல் கடந்து வந்த அந்த நேபாள வீரர் குற்றமற்றவர். தம் உடலில் என்ன இருந்தது என்பதை அவர் அறியார். அவர்மீது கல்லெறிய விரும்புவோரோடு நாம் சேரமாட்டோம்.

ஆனால் கோட்பாடு அத்தோடு நின்றுவிடவில்லை. நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரைதான் அவருக்கு அந்த விலக்கு. நடுவர் ஒருவர் இருதரப்பையும் கேட்டு, ஈடுசெய் என்று சொல்லிவிட்டால், குற்றமற்றவரையும் அத்தீர்ப்பு மனச்சான்றில் கட்டுப்படுத்தும். ஏனெனில் சேதத்தின் சுமையை யார் தாங்குவது என்பதைச் சமூகம் ஒழுங்குபடுத்துகிறது. அவ்வொழுங்குக்குப் பணிவது நீதி. 'எனக்குத் தெரியாது' என்பவனின் அமைதியான உறக்கம், 'உனக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் விசாரிக்கிறேன்' என்று சொல்லும் ஒருவர் இருக்கிறார் என்பதன்மேல் கட்டப்பட்டது. அந்த நடுவரை நீக்கிவிட்டால் என்ன ஆகும்? குற்றமின்மை என்ற கோட்பாடு அப்போது அப்பாவிக்கு அடைக்கலமாக இராது, வலியோனுக்குக் கோட்டையாகிவிடும். தன்மீது வழக்கே வரக்கூடாது என்று சட்டத்தால் வேலியிட்டுக்கொண்ட ஒருவர், என்மீது தீர்ப்பு ஏதுமில்லையே என்று சொல்வது எவ்வகை நியாயம்?

மேலும், அறியாமை எவ்வளவு காலம் அறியாமையாக இருக்கும்? கழிவுக் குழியைத் திறந்து போட்டவர்களுக்குக் காலராவைப் பற்றித் தெரியாதிருக்கலாம். மலம் ஓடையில் கலக்கக்கூடாது என்பது தெரியாதிருக்க முடியாது. 2011 மே வந்தபின் தலைமையகத்தில் இருந்தோர் யாரும் அறியாமையைக் காட்டித் தப்ப இயலாது. அக்குவினார் ஈடுசெய்யக் கடமைப்பட்டோரைப் பட்டியலிடும்போது, கையால் செய்தவனை மட்டும் குறிப்பிடவில்லை. கட்டளையிட்டவன், அறிவுரை தந்தவன், இசைந்தவன் என்று தொடங்கி, வாய்திறவாதிருந்தவன், தடுக்காதிருந்தவன், வெளிப்படுத்தாதிருந்தவன் என்று முடிக்கிறார். தடுக்கும் பொறுப்பு உடையவர்க்கே கடைசி மூன்றும் பொருந்தும் என்றும் வரையறுக்கிறார். அரசர்களை அவர் அதில் சேர்க்கிறார். இன்று எழுதியிருந்தால் பொதுச் செயலாளர்களையும் சேர்த்திருப்பார். பத்தாயிரம் பேர் இறப்புக்குக் காரணம் ஓர் ஓடை. ஐந்தாண்டு மௌனத்துக்குக் காரணம் மனிதர். நோயின் தொடக்கத்தில் குற்றம் குறைவு. மௌனத்தில்தான் குற்றம் முழுமை பெறுகிறது.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அது வலுவானது, நம் நாட்டுக்கு நேரே தொடர்புடையது. அமைதிப் படைகளுக்கு வீரர்களைத் தருவோர் செல்வ நாடுகள் அல்லர். இந்தியா, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், ருவாண்டா போன்றவையே மிகுதியாகத் தருகின்றன. நீலக் கவசம் அணிந்து உயிர்நீத்த இந்தியர் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர். இப்படிச் செல்வோரை எந்த ஊர் நீதிமன்றமும் இழுக்கலாம் என்று வைத்தால், நாளை யார் மகனை அனுப்புவார்? ருவாண்டாக்கள் பெருகும். ஆகவே விலக்குரிமை வேண்டும். ஆம், வேண்டும். குழப்பம் மிகுந்த நாட்டில், எவனோ கட்டுப்படுத்தும் நீதிமன்றத்தில் அமைதி வீரரை நிறுத்துவதும் அநீதியே. ஆனால் விலக்குரிமையைத் தந்த அதே 1946 உடன்படிக்கை, அதன் 29ஆம் பிரிவில், தனியார் முறையீடுகளைத் தீர்க்கத் தக்க வழியை ஐ.நா. தானே அமைக்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஹெய்ட்டி அரசோடு 2004இல் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும் முறையீடுகளைக் கேட்க ஒரு நிலையான ஆணையம் அமைப்பதற்கு இடமிருந்தது. அந்த ஆணையம் அமைக்கப்படவே இல்லை. ஊர் நீதிமன்றத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது. எந்த மன்றத்துக்கும் வரமாட்டேன் என்று சொல்ல அந்த உடன்படிக்கையே உரிமை தரவில்லை.

நல்ல சமாரியர் உவமையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். காயத்தில் எண்ணெயும் இரசமும் வார்த்ததைச் சொல்கிறோம். தம் விலங்கின்மேல் ஏற்றியதைச் சொல்கிறோம். அவர் சத்திரக்காரரிடம் கூறியதை விரைந்து கடந்துவிடுகிறோம். கையிலிருந்த இரு தெனாரியங்களைக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்கிறார். உதவியவர் ஊரைவிட்டுப் போகுமுன் தம்மைக் கடனாளியாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறார்! சத்திரக்காரரும் அதை நம்புகிறார். திரும்பி வருவேன் என்று சொல்லாத சமாரியரிடம் காயம்பட்டவனை ஒப்படைக்க நமக்கு மனம் துணியுமா?

2016ஆம் ஆண்டு ஐ.நா.வுக்குள்ளேயே குரல் எழுந்தது. கொடிய வறுமை, மனித உரிமை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இம்மறுப்பு அறத்துக்கும் சட்டத்துக்கும் ஒவ்வாதது, அமைப்பின் நலனையே கெடுப்பது என்று கடுமையாக எழுதினார். டிசம்பர் 1 அன்று பொதுச் செயலாளர் பான் கி-மூன் பொதுப்பேரவையில் நின்று, முதலில் ஹெய்ட்டி மக்களின் கிரெயோல் மொழியிலேயே மன்னிப்புக் கேட்டார். நோய் பரவியபோது போதிய அளவு செய்யவில்லை என்றார். நோயைக் கொண்டுவந்ததைப் பற்றிய சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை. ஈராண்டுகளில் 40 கோடி டாலர் திரட்டி, நோயை ஒழிக்கவும் பாதிக்கப்பட்டோர்க்கு உதவவும் திட்டம் அறிவித்தார்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என மூன்றும் வேண்டும் என்பதைச் சிறுவயது மறைக்கல்வியிலேயே படித்திருக்கிறோம். மாட்டைத் திருடியவன் மாட்டைத் தொழுவத்தில் வைத்துக்கொண்டே செபமாலை சொன்னால் போதுமா என்று அக்காலத்து உபதேசியார்கள் கேட்பார்கள். மனத்துயர் உண்மையாக இருந்திருக்கலாம், ஐ.நா. தலைவரின் உள்ளத்தை எடைபோடும் தகுதி நமக்கில்லை. அறிக்கை பாதி. பரிகாரமோ, நாடுகள் மனமுவந்து அளிக்கும் நன்கொடையை நம்பி விடப்பட்டது. அந்த 40 கோடியில் மிகச் சிறு பகுதியே வந்து சேர்ந்தது. வீட்டில் ஆளை இழந்த குடும்பங்களுக்கு நேரே பணம் தருவது என்ற எண்ணம் கைநழுவி, ஊருக்குப் பொதுவான சில நற்பணிகளாகச் சுருங்கியது. ஆண்டுதோறும் பல நூறு மில்லியன் டாலர் செலவில் நடந்த படைக்கு நாடுகளிடம் கட்டாயப் பங்கு வசூலிக்கப்பட்டது. அப்படையால் விளைந்த சாவுக்கு ஈடுசெய்ய உண்டியல் குலுக்கப்பட்டது. கூலிப் பாக்கியை வைத்துக்கொண்டு பொங்கலுக்கு வேட்டி சேலை வழங்கும் முதலாளிகளை நம் ஊர்களிலும் கண்டிருக்கிறோம். சேலையை வாங்கும் பெண் கைகூப்பத்தான் செய்வாள். அவள் கணக்குப் புத்தகத்தில் அது வரவாக ஏறாது.

சக்கேயுவின் வீட்டில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். அவர்மீது எந்த மன்றத்திலும் வழக்கில்லை. உரோமை அரசின் வரி வசூலிப்போர் என்ற முறையில் அவருக்கும் ஒரு பாதுகாப்பு இருந்தது. அவர் எழுந்து நின்று இரு வேறு தொகைகளைச் சொல்கிறார். உடைமையில் பாதி ஏழைகளுக்கு; ஏய்த்து வாங்கியிருந்தால் அவரவர்க்கு நான்கு மடங்கு. முதலாவது அறக்கொடை, இரண்டாவது கடன். இரண்டையும் அவர் ஒரே பையில் போட்டுக் குலுக்கவில்லை. இரண்டாம் தொகையைக் கொடுக்கவேண்டுமானால் யாரை ஏய்த்தோம் என்று வீடுவீடாகப் போய் அவர் கேட்டிருக்க வேண்டும். எரிகோவில் அடுத்த சில வாரங்கள் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை லூக்கா எழுதவில்லை. இழப்பீடு என்ற சொல்லைப் போர்க்கப்பல் வாயிலிருந்து கேட்ட ஹெய்ட்டி மக்களின் கதவை, அச்சொல்லோடு அவ்வாறு யாரும் வந்து தட்டவில்லை.

அந்நாடு இன்றும் அல்லற்படுகிறது. 2021 ஜூலையில் நாட்டுத் தலைவர் ஜோவெனெல் மொய்ஸ் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஆயுதக் குழுக்கள் தலைநகரின் பெரும்பகுதியைப் பிடித்தன. மூன்றாண்டுகள் ஓய்ந்திருந்த காலரா 2022 அக்டோபரில் மீண்டும் தலைகாட்டியது. 2025 மார்ச் இறுதியில் மிரபலே நகரமும், அந்த ஓடை ஓடும் அதே மிரபலே, ஆயுதக் குழுக்களின் கையில் வீழ்ந்தது. அருட்சகோதரியர் இருவர் அங்கே கொல்லப்பட்டனர். நாட்டின் நடுப்பகுதிக்கே நம்பிக்கையாக இருந்த பெரிய மருத்துவமனை மூடப்பட்டது. காக்கும் படை வேண்டும் என்று அந்நாட்டு மக்களில் பலர் மீண்டும் கேட்கின்றனர். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. போவதற்கு உலகுக்குக் கடன் உண்டு. 2023 அக்டோபரில் கென்யாவின் தலைமையில் ஒரு பன்னாட்டுப் படைக்குப் பாதுகாப்பு மன்றம் இசைந்தது. 2025 செப்டம்பரில் அதை இன்னும் பெரிய படையாக மாற்றத் தீர்மானித்தது. 2023ஆம் ஆண்டுத் தீர்மானத்தில், காலரா போன்ற நோய்கள் பரவாதபடி முகாமின் கழிவுநீரைத் தக்க முறையில் அகற்றவேண்டும் என்று ஒரு பத்தி எழுதப்பட்டுள்ளது. 2011 நவம்பரில் முறையிட்ட அந்த 5,000 பேரின் வழக்கைக் கேட்க வேண்டிய ஆணையம் இன்னும் அமைக்கப்படவில்லை.